பிளஸ் டூவில் 438: பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

என் அக்கா மகள் பிளஸ் டூவில் 600-க்கு 438 எடுத்தாள். தமிழ் 84, ஆங்கிலம் 71, கணிதம் 62, இயற்பியல் 66, வேதியியல் 70, கணினி அறிவியல் 85. ரிசல்ட் வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதே தெருவில் ஒரு பையன் 581. அவர்கள் வீட்டிலிருந்து வந்த ஜாங்கிரியைப் பிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு, "இனி இவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

அவள் இப்போது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறாள். 438-ஐ வைத்துக்கொண்டு அங்கே போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த மதிப்பெண்ணை எங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். வழியில் நானே செய்த சில அசட்டுத்தனங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில்: உங்கள் மதிப்பெண்ணை அவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒரு கல்வி நிறுவனம் உங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை மூன்று விதமாகப் பார்க்கலாம். அதை வைத்தே தரவரிசை போடலாம். அல்லது, "இவ்வளவு இருந்தால் உள்ளே வா, மற்றதைத் தேர்வில் பார்த்துக்கொள்வோம்" என்று வாசற்படி மாதிரி வைத்திருக்கலாம். அல்லது தேர்ச்சி பெற்றாயா என்பதோடு விட்டுவிடலாம். ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி போட்டு, நீங்கள் நினைத்து வைத்திருக்கும் இடங்களை இதில் பிரித்து எழுதுங்கள். பாதிக் கவலை அங்கேயே குறையும்.

முதல் வகைக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு சரியான உதாரணம். 2007-லிருந்து இங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். ஆனால் 600 முழுவதும் கணக்கில் வராது. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200-க்குக் கட்-ஆஃப். எங்கள் பெண்ணுக்கு 62, 33, 35 என்று 130 வந்தது. இதே 438-ஐ வேறு விதமாக எடுத்த ஒருவருக்கு, அதாவது மொழிப்பாடங்களில் சறுக்கி கணிதத்தில் 90 எடுத்தவருக்கு, கட்-ஆஃப் 170-ஐத் தாண்டலாம். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தலையில் கை வைப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 130-க்கு நாங்கள் விரும்பிய கல்லூரி கிடைக்காது என்று தெரிந்தது. சரி, அந்தக் கதவு மூடிவிட்டது.

இரண்டாவது வகையில்தான் பெரிய பெயர்கள் பல இருக்கின்றன. ஐஐடி, என்ஐடிகளில் பி.டெக். சேர ஜேஇஇ தரவரிசையோடு, பிளஸ் டூவில் 75 விழுக்காடு வேண்டும் (எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 65). அது இல்லாவிட்டால் உங்கள் தேர்வு வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைலுக்குள், அதாவது மேலே இருக்கும் 20 விழுக்காட்டினருக்குள், வர வேண்டும். அந்த 75-ஐயும் ஆறு பாடங்களைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், மொழிப்பாடங்களில் அதிகம் எடுத்த ஒன்று, மிச்சமுள்ளதில் அதிகம் எடுத்த ஒன்று, ஆக ஐந்து. எங்கள் கணக்கில் 500-க்கு 367 வந்தது. வேண்டியது 375. இப்படி எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் ரிசல்ட் வந்த உடனேயே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, தேவைப்பட்டால் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு. எங்கள் பெண் ஜேஇஇ எழுதவே இல்லை என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

அறிவியலில் ஆர்வம் இருந்தால் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைப் பாருங்கள். ஐஏடி என்ற அவர்களுடைய திறனறித் தேர்வை எழுத 60 விழுக்காடு போதும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 55. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள், மூன்று மணி நேரம். சென்னைக்குப் பக்கத்தில் திருப்பதியிலேயே ஒரு ஐசர் இருக்கிறது. பெங்களூரு ஐஐஎஸ்சியின் நான்காண்டு இளநிலைப் படிப்பும் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கிறது. 61 விழுக்காடு எடுத்தவரும் 98 எடுத்தவரும் அந்தத் தேர்வு அறைக்குள் ஒன்றுதான்.

சட்டம் என்றால் கிளாட் நுழைவுத் தேர்வு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 45 விழுக்காடு இருந்தால் எழுதலாம் (எஸ்சி, எஸ்டிக்கு 40). பெங்களூரு, ஹைதராபாத் மட்டுமல்ல, திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறது. 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், முழுக்க ஆங்கிலத்தில் நீளநீளமான பத்திகள். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆங்கில நாளிதழ் வாசித்துப் பழக வேண்டும்.

மூன்றாவது வகை நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாதது. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம், அதாவது சிஎம்ஐ, உலக அளவில் பெயர் பெற்ற இடம். ஐடி கம்பெனிப் பேருந்துகளுக்கு நடுவே அமைதியாக உட்கார்ந்திருக்கும். அங்கே பிளஸ் டூ முடித்திருந்தால் போதும், மிச்சத்தை அவர்களுடைய நுழைவுத் தேர்வு தீர்மானிக்கும். அதற்காக எளிது என்று நினைத்துவிடாதீர்கள். விடையைக் குறித்துவிட்டு வர முடியாது, ஏன் அப்படி என்று வரிவரியாக நிறுவ வேண்டும். பொதுத் தேர்வில் கணக்கை மனப்பாடம் செய்து 98 எடுத்தவர் இங்கே திணறுவதும், 75 எடுத்தாலும் புதிர்க் கணக்கென்றால் சோறு தண்ணி மறப்பவர் உள்ளே போவதும் நடக்கும்.

வடிவமைப்பில் கை நல்லதாக இருந்தால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் டாட், சென்னை தரமணி வளாகம் உட்பட நாடெங்கும் உள்ள ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்டின் தேர்வு, ஐஐடி மும்பை நடத்தும் யுசீட் ஆகியவை இருக்கின்றன. யுசீட் வழியாக மும்பை, டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐஐடிகளில் பி.டிசைன் சேரலாம். ஐஐடிக்குள் ஜேஇஇ கேட்காத வாசல் இது.

ஐஐடி மெட்ராஸின் பிஎஸ் தரவு அறிவியல் படிப்பும் இதே வகைதான். ஜேஇஇ வேண்டாம். பிளஸ் டூ தேர்ச்சியும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. இது பி.டெக். அல்ல, கிண்டி வளாகத்தில் தங்கிப் படிப்பதும் அல்ல. உறவினர்களிடம் சொல்லும்போது அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், பின்னால் சங்கடம் இருக்காது.

அடுத்து: காலண்டர்

மதிப்பெண் குறைந்ததால் வாய்ப்பை இழப்பவர்களைவிட, கடைசித் தேதியைத் தவறவிட்டு இழப்பவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பொதுத் தேர்வு ரிசல்ட் வருவதற்கு முன்பே மூடிவிடும். கிளாட் டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும், விண்ணப்பம் அதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். யுசீட் ஜனவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டின் விண்ணப்பம் ஜனவரி தொடங்கி மார்ச்சுக்குள் வந்து போய்விடும், தேர்வு மே மாதத்தில். ஐசர், சிஎம்ஐ விண்ணப்பங்கள் பொதுத் தேர்வு முடிகிற சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு ஆண்டு சில வாரங்கள் முன்னே பின்னே போகும் என்பதால் ஆகஸ்டிலிருந்தே வாரம் ஒருமுறை அந்தந்த நிறுவனத்தின் தளத்தையே பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தேதிகளை நம்ப வேண்டாம்.

ரிசல்ட் வந்த பிறகுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இந்த ஆண்டுக்கு மிஞ்சுவது சில வழிகள்தான்: ஐஐடி மெட்ராஸ் பிஎஸ் (ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் சேர்க்கை உண்டு), மாநிலக் கலந்தாய்வுகள், சில மத்தியப் பல்கலைக்கழகங்களில் கடைசியாகக் காலியாக இருக்கும் இடங்கள்.

க்யூட்: இங்கேதான் எங்களுக்குக் கதவு திறந்தது

2022-க்கு முன்னால் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கட்-ஆஃப். 2021-இல் சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்கு 100 விழுக்காடு கேட்டார்கள். 99 எடுத்தவருக்கே இடமில்லை. அதற்கு அடுத்த ஆண்டு க்யூட் நுழைவுத் தேர்வு வந்தது. டெல்லி, ஜேஎன்யூ, பனாரஸ், புதுச்சேரி, திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் என்று பலவும் அதற்குள் வந்தன. இந்தத் தேர்வு பற்றி எனக்கு விமர்சனம் உண்டு, பயிற்சி மையங்களுக்கு இன்னொரு சந்தையைத் திறந்துவிட்டது. ஆனாலும் 438 எடுத்த ஒருத்திக்கு இதைவிட்டால் வேறு வழி இருக்கவில்லை.

2025 முதல் இது முழுக்கக் கணினி வழித் தேர்வு. அதிகபட்சம் ஐந்து பாடங்கள் எழுதலாம். ஒவ்வொன்றிலும் 50 கேள்விகள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5, தவறுக்குக் கழித்தல் 1. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால்கூடச் சராசரியாக அரை மதிப்பெண் உங்கள் பக்கம்தான் வரும். ஒரு தவறான விடையை நீக்கிவிட்டால் அது ஒரு மதிப்பெண் ஆகிவிடும். எனவே இதில் கேள்வியை விட்டுவிட்டு வருவது நஷ்டம். கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு, அங்கே குருட்டாம்போக்கில் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எந்தத் தேர்வு எழுதினாலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள்.

பாடத் தேர்வில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் க்யூட்டில் எழுதலாம் என்று 2025-இல் அறிவித்தார்கள். ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகம் பிளஸ் டூவில் படித்த பாடங்களைத்தான் கேட்கிறது. ஒவ்வொரு படிப்புக்கும் எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. பொருளாதாரம் ஹானர்ஸுக்கு அங்கே கணிதம் கட்டாயம், அதோடு ஒரு மொழியும் வேறு இரண்டு பாடங்களும். முதலில் படிப்பை முடிவு செய்து, அந்தப் பட்டியலைப் பார்த்து, அப்புறம் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பெண் தமிழ், ஆங்கிலம், கணிதம், கணினி அறிவியல், பொதுத் திறன் என்று ஐந்து எழுதினாள். க்யூட்டில் உள்ள 13 மொழிகளில் தமிழும் ஒன்று. "ஏதாவது ஒரு மொழி" என்று கேட்கும் படிப்புகளுக்கு அதுவே போதும். பள்ளியில் 84 எடுத்த பாடத்தை விட்டுவிட்டு 71 எடுத்ததை மட்டும் எழுதுவானேன்?

வினாத்தாளையும் தமிழில் கேட்கலாம். ஆனால் விண்ணப்பத்திலேயே அதைக் குறிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது இந்தத் தேர்வை நடத்தும் தேசிய தேர்வு முகமையின் விதி.

படிப்பதற்கு: பாடத்திட்டம் என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு. நம் மாநிலப் பாடநூலும் அதுவும் ஒன்றல்ல. என்சிஇஆர்டி நூல்களை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பொதுத் தேர்வு முடிந்ததிலிருந்து க்யூட் வரை ஏழெட்டு வாரம் கிடைக்கும். எங்கள் பெண் அதில் கணிதத்துக்கு மட்டும் பாதி நேரம் கொடுத்தாள். பொதுத் தேர்வில் அவளைக் கவிழ்த்தது ஐந்து மதிப்பெண் கேள்விகளில் வரும் நீளமான படிகள். நான்கில் ஒன்றைத் தொடும் தேர்வில் அந்தப் பலவீனம் அவ்வளவாகத் தெரியவில்லை.

பிளஸ் டூ மதிப்பெண் அடியோடு செத்துவிடவும் இல்லை. டெல்லியில் இருவர் ஒரே க்யூட் மதிப்பெண் எடுத்தால், பிளஸ் டூவில் சிறந்த மூன்று பாடங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சான்றிதழ்கள்: நான் சொதப்பிய இடம்

விண்ணப்பத்தில் ஓபிசி என்று குறித்துவிட்டு, அவளுடைய பிசி சாதிச் சான்றிதழைப் பதிவேற்றினேன். பச்சை நிறத்தில் அழகாக லேமினேட் செய்து வைத்திருந்தது. இடம் ஒதுக்கீடான பிறகு, சரிபார்ப்பில் "இது செல்லாது" என்று திரும்பி வந்தது. மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழ் வேறு, மத்திய அரசு நிறுவனங்கள் கேட்கும் ஓபிசி நான்-கிரீமிலேயர் சான்றிதழ் (வசதி படைத்த பிரிவில் வராதவர் என்பதற்கானது) வேறு. இரண்டாவதை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். கடைசி நாளன்று மதியம்தான் எங்கள் கைக்கு வந்தது.

மாநிலப் பட்டியலில் இருக்கும் சமூகம் மத்தியப் பட்டியலில் இல்லாமலும் போகலாம், முதலில் அதைச் சரிபாருங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். இது தெரியாமலேயே பலர் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். சான்றிதழ் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று சேர்க்கையின்போது கேட்பார்கள். போன வருடத்தது உதவாது.

அப்புறம் நம் ஊர் இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு மாதிரி, வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால். வடக்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இது மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோல ஆதாரை முன்பே திருத்திவிடுங்கள்.

நெட் சென்டரில் விண்ணப்பம் போட்டால், கடைக்காரரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும், நீங்கள் அவர் பின்னால் ஓட வேண்டும்.

கட்டுரையும் நேர்காணலும் கேட்கும் இடங்கள்

பெங்களூருவில் உள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஹரியானாவில் உள்ள அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் சொந்தமாகத் தேர்வோ கட்டுரையோ வைத்து, நேர்காணலும் நடத்துகின்றன. கட்டணம் கூடுதல், ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறார்கள். கட்டணத்தைப் பார்த்த உடனே தளத்தை மூடிவிடாமல் உதவித்தொகைப் பக்கத்தையும் படியுங்கள்.

இங்கே குறைந்த மதிப்பெண்ணைப் பற்றிக் கேள்வி வரும். "எங்கள் பள்ளியில் ஆசிரியர் சரியில்லை, கேள்வித்தாள் கடினம்" என்று தொடங்கினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. அழுது கரைவதும் வேண்டாம். மூன்று வரி போதும். நடந்தது என்ன, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், இப்போது என்ன நிலை. உதாரணத்துக்கு: "பதினோராம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறினேன், முதல் ஆண்டு முழுக்க இயற்பியல் புரியவில்லை. தமிழ்ப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அரையாண்டில் 41 எடுத்தேன், பொதுத் தேர்வில் 66." இதைக் கேட்பவருக்கு 66 சின்ன எண்ணாகத் தெரியாது.

காரணம் எதுவும் இல்லை, விளையாட்டுப் போக்கில் இருந்துவிட்டேன் என்றால் அதையே சொல்லுங்கள். இல்லாத நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம், அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பள்ளிக்கு வெளியே செய்ததைச் சான்றிதழ் எண்ணிக்கையாக அடுக்காமல் ஒன்றைப் பற்றி விரிவாகப் பேசுங்கள். அப்பாவின் மளிகைக் கடையில் இரண்டு ஆண்டுகள் கடன் நோட்டு எழுதியது, பொருளாதாரம் படிக்க வந்தவருக்கு நல்ல தலைப்பு. எங்கள் பிள்ளைகள் அதையெல்லாம் சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

இடம் ஒதுக்கும்போது

விருப்பப் பட்டியலில் ஐந்தாறு பெரிய கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். டெல்லியின் சேர்க்கை முறையில் எத்தனை கல்லூரி, எத்தனை படிப்பு வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். உண்மையில் அதிகம் விரும்புவதை மேலே வைத்து, கிடைத்தால் போவேன் என்பதையெல்லாம் கீழே கீழே நிரப்புங்கள். போகவே மாட்டேன் என்பதைப் போட வேண்டாம். முதல் சுற்றில் ஓர் இடம் வந்தால், பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளதற்குக் காத்திருப்பதாகக் குறிக்க வேண்டும். ஏற்காமல் விட்டால் அடுத்த சுற்றுகளிலிருந்து நீங்களே வெளியே போய்விடுவீர்கள். தெரியாமல் இப்படி இடத்தை இழந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடம் காத்திருக்கலாமா? க்யூட்டுக்கும் கிளாட்டுக்கும் வயது வரம்பு கிடையாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் மட்டுமே எழுத முடியும். என் கருத்து: வீட்டில் தனியாக ஒரு வருடம் உட்காருவதைவிட உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டு எழுதுவது மனசுக்கு நல்லது. பட்டம் முடித்த பிறகும் ஐஐடி, ஐஐஎஸ்சிக்குள் முதுநிலை அறிவியலுக்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலை க்யூட் என்று இரண்டாவது முறை வாசல் திறக்கும். ஒன்று மட்டும்: ஐடி நிறுவனங்கள் பல, வளாகத் தேர்வின்போது பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கும். 60-க்குக் கீழே இருப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்களும் ஜூனில் அவளை ஓர் உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்துத்தான் வைத்திருந்தோம். க்யூட் வழியாக இடம் வந்ததும் டிசியைக் கேட்கப் போனால், "மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. தேதியை ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். 2024-25-க்கு முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கச் செப்டம்பர் 30 கடைசி நாளாக இருந்தது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து, எழுத்தில் ஒரு கடிதம் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்டேன். கையொப்பம் போடவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு டிசியைக் கொடுத்துவிட்டார்கள், பணம் மூன்று வாரம் கழித்து வந்தது.